அலுமினியத்தின் அவசரம்

2023 ஆகஸ்ட் 7, திங்கள். காலை 9.40. இதுவரை 4,218 பொறிகள்.

இன்றிலிருந்து இதைத் தனியாக எழுதுகிறேன். ஆய்வகக் குறிப்பேட்டில் "எரிச்சல்", "வெட்டி வேலை", "இந்தப் பம்ப் ஒரு சனியன்" போன்றவை வரக் கூடாது என்று என் நெறியாளர் மீரான் சார் சொல்லிவிட்டார். "அளவ மட்டும் எழுதும்வே. உம்ம மனச எவன் அளக்கச் சொன்னான்" என்றார். சரி. அளவு அங்கே, மனசு இங்கே.

வேலை என்னவென்று ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பெரிய தூக்குச்சட்டி அளவில் ஒரு சேம்பர். உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆர்கான் வாயு நிரப்புகிறோம். இரண்டு உலோகப் பொத்தான்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. திடீரென்று மின்னழுத்தம் கொடுத்தால் பொறி பாயும். ஆனால் உடனே பாயாது. மின்னழுத்தம் எவ்வளவுதான் போதுமானதாக இருந்தாலும், முதல் எலக்ட்ரான் ஒன்று எங்கிருந்தாவது வந்து சேர வேண்டும். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும். வரும்வரை வாயு சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் என் ஆய்வு. எதிர்முனைப் பொத்தான் அலுமினியமா, எஃகா, செம்பா, பித்தளையா என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். மின்னல் விழும்போது கருவிகளைக் காப்பாற்றும் குட்டிக் குழாய்களுக்குள் நடப்பதும் இதுதான். அங்கே தாமதமானால் கருவி கருகும்.

ஆகக் காத்திருப்பதை அளப்பது என் தொழில். காத்திருப்பது எனக்குப் பிடிக்காது. தலைப்பைக் கொடுக்கும் முன் மீரான் சார் இதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 30 அன்று மதிப்பாய்வுக் குழு உட்காருகிறது. போன வருஷம் "திருப்தி இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை அப்படி எழுதினால் ஆய்வுப் பதிவு ரத்து. இந்தக் கோமதிநாயகம் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

என் நாள். காலை எட்டு மணிக்கு அலுமினியப் பொத்தானை உப்புத்தாளில் தேய்த்து, வைரப் பசையில் பாலிஷ் செய்து, அசிட்டோனில் கழுவி, பத்து மணிக்கெல்லாம் முதல் பொறி. சராசரித் தாமதம் இரண்டு மில்லிசெகண்ட். எஃகு முப்பது எடுக்கிறது. அலுமினியம் எனக்கு ஏற்ற உலோகம்.

வழக்கம்போல மத்தியானத்துக்கு மேல் தாமதம் ஏறத் தொடங்கியது. வாயு கெட்டுப்போகிறது, வேறென்ன. அதனால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு எடுத்த எதையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எஃகு பியூலாவின் பங்கு. நானும் அவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். ஏரலிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறார். பதினொரு மணிக்கு முன்னால் அவரை இந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. சேம்பர் ஒன்றே ஒன்று என்பதால் நாள் விட்டு நாள் மாற்றிக்கொள்கிறோம். என் நாளின் சாயங்காலம் நாலரைக்கு அவர் தன் எஃகைப் பாலிஷ் செய்து மாட்டி, பம்பை ஓடவிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். மறுநாள் வந்து, சாப்பிட்டு, கை கழுவி, துடைத்து, அப்புறம்தான் அளப்பார்.

ஆகஸ்ட் 9, புதன்

பியூலாவின் நாள். பொறியைக் கோடாகக் காட்டும் ஸ்கோப் திரையில் கோடு அசையாமல் கிடந்தது.

"ஒங்க எஃகு தூங்குது" என்றேன்.

"தூங்கட்டும். எழுப்புத வேலைக்கா சேந்துருக்கோம்? எம்புட்டு நேரம் தூங்குதுன்னு பாக்குத வேலைக்குல்லா."

"இப்பிடியே போனா முப்பதாந்தேதி நானும் தூங்க வேண்டியதுதான்."

"நாயகம் சார் ஒரு நாளு தூங்குனா நாடு நல்லா இருக்கும்" என்றார்.

சாளைமீன் குழம்பு கொண்டுவந்திருந்தார். ஆய்வுக்குத் தொடர்பில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கட்டுரைச் சுருக்கத்தை மாநாட்டுக்கு அனுப்பிவிட்டேன். "ஆர்கான் வாயுவில் அலுமினிய எதிர்முனை எஃகைவிடப் பதினைந்து மடங்கு விரைவாகப் பொறியைத் தொடங்குகிறது." இரண்டு பேர் பெயரும் போட்டிருக்கிறேன். இது கையில் இருந்தால் குழு வாய் திறக்காது.

"இன்னும் ரெண்டு வாரம் பாப்பமே" என்றார் பியூலா. "பதினஞ்சு மடங்குங்கிறது லேசுப்பட்ட பேச்சா?"

"ரெண்டு வாரம் பாத்தா பதினாறு மடங்கா ஆகுமா?"

"ஆனாலும் ஆகும். ஆகாட்டாலும் ஆகும்."

கணினியில் பொத்தானை அழுத்தி அனுப்பினேன். பிறகு மீரான் சாரிடம் போய்ச் சொன்னேன். "பதினஞ்சு மடங்கா? நல்லா இருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். இரண்டாவதைச் சொல்லும்போது இழுத்தார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது போல.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். சேம்பர் சும்மா கிடந்தது. நானும்.

ஆகஸ்ட் 16, புதன்

நாளை அக்கா மகளுக்குக் காது குத்து. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டுமாம், நான்தான் மாமன். என் அலுமினியத்தை நாளைக்கு பியூலா அளப்பதாக ஒத்துக்கொண்டார். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நின்றுகொண்டே அரை மணி நேரம் சொன்னேன்.

"மூச்சு விடலாமா, அதுக்கும் எதுவும் முறை இருக்கா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பிள்ளை அழவில்லை. நான்தான் வேர்த்துப்போனேன். அதை விடுங்கள்.

பியூலா எடுத்த அலுமினியத் தாமதம்: இருபத்து நான்கு மில்லிசெகண்ட். பதினொரு மாதமாக எனக்கு இரண்டு. இவருக்கு இருபத்து நான்கு.

"என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொன்னதத்தான்."

"சொன்னது எனக்கே தெரியும். செஞ்சது?"

"அதே உப்புத்தாள், அதே பசை, அதே அசிட்டோன். மூணு தடவ கழுவச் சொன்னீங்க, நான் நாலு தடவ கழுவுனேன். அதுக்கு அலுமினியம் கோவிச்சுக்கிட்டுன்னா நான் என்ன பண்ண?"

"கை சரியில்ல" என்றேன். கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது.

"இருக்கும். அலுமினியமும் ஒங்கள மாதிரி ஆள் பாத்துத்தான் பேசும் போல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் எடுத்த அளவை அடித்துவிட்டேன். மத்தியானம் அவர் டப்பாவில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. தனியாகச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பியூலா இரண்டு நாள் விடுப்பு. நாசரேத்தில் சித்தி மகள் கல்யாணம். சேம்பர் முழுக்க என் கையில்.

ஒரு யோசனை வந்தது. அவர் கையில் அலுமினியம் தூங்குகிறதென்றால், என் கையில் எஃகு என்ன செய்யும்? காலையில் எட்டு மணிக்கு எஃகைப் பாலிஷ் செய்து, பத்து மணிக்கு அளந்தேன். ஒன்பது மில்லிசெகண்ட். பியூலாவுக்கு எப்போதும் முப்பது. எஃகு என்னைக் கண்டு பயப்படுகிறது.

ஆக முடிவு இதுதான்: பியூலாவுக்குப் பாலிஷ் செய்யத் தெரியவில்லை. அழுக்கை விட்டுவிடுகிறார். பதினொரு மாத எஃகு அளவுகள் அத்தனையும் சந்தேகம். இதை அவரிடம் மென்மையாகச் சொல்ல வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் மென்மையாக இல்லை.

ஆகஸ்ட் 23, புதன்

பியூலா வந்துவிட்டார். கையில் மருதாணி இல்லை, ஆனால் வளையல் புதிது. எழுதி வைத்ததெல்லாம் மறந்துபோய் நேரடியாகச் சொல்லிவிட்டேன். "எஃகு என் கையில ஒம்பதுதான் வருது. ஒங்க பாலிஷ்லதான் கோளாறு."

அவர் கோபப்படவில்லை. டப்பாவைத் திறந்துகொண்டே, "எப்ப பாலிஷ் போட்டீங்க?" என்றார்.

"எப்பவும் போல. காலைல எட்டு மணிக்கு."

"நான் ஒரு நாளும் காலைல போட்டதில்லையே. பஸ்ஸு எங்க விடுது? ஒங்க அலுமினியத்தயும் மொத நாளு சாயங்காலமே போட்டு மாட்டிட்டுல்லா போனேன்."

சொல்லிவிட்டு நாசரேத்துப் பந்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிரியாணி, சவ்வரிசிப் பாயசம், மாப்பிள்ளையின் பெரியப்பா இலையை விட்டு எழுந்திருக்காதது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. எட்டு மணிக்குப் பாலிஷ், பத்து மணிக்குப் பொறி: இரண்டு மணி நேரம். நாலரைக்குப் பாலிஷ், மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு பொறி: இருபது மணி நேரத்துக்கு மேல்.

"ம்" என்றேன். "ம்" என்றேன். வழக்கமாக "சுருக்கமா சொல்லுங்க" என்பேன்.

"ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலை எட்டு மணிக்கு அலுமினியத்தைப் பாலிஷ் செய்தேன். மணிக்கொரு தடவை அளந்தேன். எதையும் தூக்கி எறியவில்லை. இரண்டு. இரண்டு. மூன்று. ஏழு. பதினொன்று. மத்தியானம் வாயு முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புது ஆர்கான் நிரப்பினேன். வாயுதான் கெட்டுப்போகிறது என்றால் தாமதம் மறுபடி இரண்டுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை. பதினாலு. சாயங்காலம் பதினெட்டு.

வாயுவின் மேல் ஒரு தப்பும் இல்லை.

உலோகத்தைத் தேய்த்தால், சிராய்த்த முழங்கால் கசிவது போல, அதன் புதுப் பரப்பு சில மணி நேரத்துக்குத் தானாகவே எலக்ட்ரான்களைக் கசியவிடுகிறது. பிறகு மெல்ல ஆறிவிடுகிறது. அலுமினியத்தில் இது அதிகம், எஃகில் குறைவு. கசிந்துகொண்டிருக்கும்போது அளந்தால், எந்த முதல் எலக்ட்ரானுக்காகக் காத்திருக்கிறேனோ அதை நானே தேய்த்து வரவழைத்துவிட்டேன் என்று அர்த்தம். இது புத்தகத்தில் இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு முந்தைய விஷயம். அந்த அத்தியாயத்தை நான் தாண்டிப் போயிருக்கிறேன், முன்னுரை நீளமாக இருந்ததால்.

பதினொரு மாதமாக நான் அலுமினியத்தை அளக்கவில்லை. என் அவசரத்தை அளந்திருக்கிறேன். நல்ல துல்லியமாக.

ஏன் நாள் முழுக்க சேம்பர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பியூலா கேட்டார். "சும்மா" என்றேன். இன்று மாங்காய் ஊறுகாய், தயிர் சோறு. என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, சனி

மதிப்பாய்வுக்கான படங்கள் தயாராக இருக்கின்றன. ஆறாவது படம் பார்க்க அழகு: ஒரு குட்டைக் கம்பம், ஒரு நெட்டைக் கம்பம், மேலே "15 மடங்கு". எண்கள் பொய் இல்லை, ஒவ்வொன்றும் அளந்தவை. தலைப்பு மட்டும்தான் பொய். குழுவில் யாரும் நான் எத்தனை மணிக்கு உப்புத்தாளை எடுத்தேன் என்று கேட்கப் போவதில்லை. காட்டினால் பிழைத்துவிடலாம். காட்டாவிட்டால் கையில் வேறொன்றும் இல்லை.

காலையிலிருந்து அந்தப் படத்தை எட்டு தடவை திறந்து மூடினேன்.

பதினொரு மணிக்கு பியூலாவுக்கு போன் செய்தேன். அவர் வீட்டுக்கு இதுவரை செய்ததில்லை. அவருடைய அம்மா எடுத்தார்.

"பியூலாவா? கோயில்ல பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கா. போன இங்கயே வச்சிட்டுப் போயிட்டா. நீங்க யாரு, அந்த அவசரக்காரத் தம்பியா?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர வழியில்லை. ஆய்வகத்தைப் பற்றி வீட்டில் பேசுகிறார் என்று தெரிகிறது. தகவலுக்காக எழுதுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. இவ்வளவு நீளமான தாமதத்தை நான் எஃகில்கூடப் பார்த்ததில்லை. பிறகு சிரித்தார். நிறைய நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எம்பேரும் போட்டுல்லா அனுப்பிருக்கீங்க."

"ஆமா."

"ரெண்டு வாரம் பாப்பம்னு சொன்னேன்லா."

"ஆமா."

"எங்கை சரியில்லன்னு சொன்னீங்க. அப்பறம் பாலிஷே தெரியலன்னீங்க."

"ஆமா."

"இப்ப ஆமா மட்டுந்தான் வருதா வாயில?" அடுப்பில் எதையோ யாரோ கிண்டும் சத்தம் கேட்டது. "முப்பதாந்தேதி என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

"தெரியலன்னு நீங்க சொல்லி இப்பத்தான் கேக்கேன். சரி. திங்கக்கெழமை மொத வேலயா மீரான் சார்ட்ட போவோம். அதுவரைக்கும் எதையும் எங்கயும் அனுப்பாம இருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"போவோம்" என்றார். "போங்க" என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

மீரான் சார் பொறுமையாகக் கேட்டார். "அன்னைக்கே ரொம்ப நல்லா இருக்குன்னு பட்டுச்சு" என்றார்.

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"நீரு எங்கவே கேட்டீரு? அனுப்பிட்டுல்லா வந்து சொன்னீரு."

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அவர் மேசையிலிருந்தே மாநாட்டுக்கு எழுதினோம். "குழு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. போன வருஷக் கதையும் சேந்துருக்கு. வெட்டிவிட்டாலும் விட்டுருவாவோ. நான் ஒரு பக்கம் ஒமக்காகப் பேசுதேன், ஆனா மனச தயார் பண்ணிக்கிடும்" என்றார். அவர் கிண்டல் செய்யாமல் பேசினால்தான் பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு உருப்படியான அளவாவது கையில் வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு அலுமினியத்தை நானே பாலிஷ் செய்தேன். பியூலா பக்கத்தில் நின்று பார்த்தார். மாட்டி, பம்பை ஓடவிட்டோம். மின்வழங்கியின் சாவியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சாவி எதுக்கு?"

"ஏரலுக்குக் கொண்டு போறேன். ஒங்கள நம்பி ராத்திரிக்கு அலுமினியத்த விட்டுட்டுப் போக முடியாது."

ஆகஸ்ட் 29, செவ்வாய்

எட்டு மணிக்கு வந்துவிட்டேன். சாவி ஏரலில். மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையைத் துடைத்தேன். பதினொன்றே காலுக்கு பியூலா வந்தார். சாப்பிட்ட பிறகுதான் சாவி என்றார். சாப்பிட்டோம்.

இருபத்து மூன்று மில்லிசெகண்ட். அவருக்கு இருபத்து நான்கு வந்தது. எஃகுக்கு முப்பது. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே உண்மையான வித்தியாசம் இவ்வளவுதான். ஆறாவது படத்தில் இப்போது இரண்டு கம்பங்களும் ஏறக்குறைய ஒரே உயரம். பார்க்க ஒன்றும் அழகில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

வெளியிலிருந்து வந்த நிபுணர் சுந்தரவல்லி மேடம். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மாநாட்டுக்கு அனுப்பின சுருக்கத்துல பதினஞ்சு மடங்குன்னு படிச்சேனே. அது எங்க போச்சு?"

"அது அலுமினியத்தோடது இல்ல மேடம். என்னோடது" என்றேன். உப்புத்தாள், எட்டு மணி, பத்து மணி எல்லாவற்றையும் சொன்னேன். மீரான் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மாசம் இப்பிடி எடுத்தீங்க?"

"பதினொண்ணு."

"மத்தியானம் தாமதம் ஏறுதேன்னு ஒரு நாள்கூடத் தோணலயா?"

"தோணுச்சு மேடம். அதத் தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்பிடிப் பிடிச்சீங்க?"

"நான் பிடிக்கல. பியூலா காலைல வர மாட்டாங்க மேடம். பஸ்ஸு இல்ல."

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பியூலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவருடைய தேவாலயப் பாடகர் குழுவில் ஒருவர் எப்போதும் ஒரு வரி முந்திப் பாடுவதைப் பற்றிச் சொன்னார். அது என்னைக் குறித்ததா என்று கேட்டேன். "ச்சே, அவரு நல்லாப் பாடுவாரு" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். பதிவு ரத்து இல்லை. "நிபந்தனையுடன் திருப்தி." என் பதினொரு மாத அளவுகள் எதுவும் ஆய்வேட்டில் சேரக் கூடாது. ஆறு மாதத்தில் நான்கு உலோகங்களும் முதலிலிருந்து. ஒவ்வொன்றையும் ஆற வைத்து அளக்க வேண்டும், ஒருவர் அளந்ததை மற்றவர் மறுபடி அளக்க வேண்டும். பியூலா ஏற்கனவே எடுத்த எஃகு அளவுகள் மட்டும் செல்லும்.

வெளியே வரும்போது மேடம் என்னிடம், "இத நீங்களே சொல்லாம நான் கண்டுபிடிச்சிருந்தேன்னா இந்நேரம் வேற மாதிரி எழுதிருப்பேன்" என்றார். மீரான் சார் டீ வாங்கித் தந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். குடித்துவிட்டேன்.

"ஆறு மாசம் எங்கூட மெதுவா வேல பாக்கணும். தாங்குவீங்களா?" என்று பியூலா கேட்டார்.

தாங்குவேன் என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. டம்ளரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

இனி செய்ய வேண்டியவை:

1. நான்கு உலோகங்களையும் சாயங்காலம் பாலிஷ் செய்வது. மறுநாள் மத்தியானம்வரை சேம்பரைத் தொடாமல் இருப்பது. சாவி பியூலாவிடமே இருக்கட்டும்.

2. பிடிக்காத அளவுகளைத் தூக்கி எறியாமல் இருப்பது. பிடித்தவற்றைச் சந்தேகப்படுவது.

3. பித்தளையை முதலில் அவர் அளப்பார், பிறகு நான். என் எண் வேறாக வந்தால் முதலில் என் கையைச் சந்தேகப்படுவது.

4. பியூலாவின் அம்மாவிடம் அடுத்த தடவை பேசும்போது பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது.

5. சனிக்கிழமை பஸ் நிறுத்தம்வரை அவருடன் நடந்து போவது. ஆய்வுக்குத் தொடர்பில்லாத அந்தக் கேள்வியை அங்கே வைத்துக் கேட்டுவிடுவது.

6. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பது. அவர் பதில் சொல்லாமல் பஸ் ஏறினாலும் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி வருவது. எத்தனை நாள் எடுத்தாலும் எடுத்துக்கொள்ளட்டும். அதை நான் அளக்கப் போவதில்லை.